ஒரு கம்ப்ரஸர், இரண்டு குழாய்

டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இவரிடம் சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்கு என்பது அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

"கார் பெயின்ட்ல ஹார்ட்னர்னு ஒண்ணு கலக்கறாங்க இல்லையா, அது இவர் உடம்புக்கு இனிமே விஷம். இத்தனை வருஷம் மூக்கு வழியா வாங்கி வாங்கி, நுரையீரல் அதை எதிரின்னு முடிவு பண்ணிடுச்சு. கொஞ்சம்தானே, ஒரு நிமிஷம்தானேங்கற கணக்கெல்லாம் கிடையாது. அடுத்த தடவை இங்க கொண்டு வர்றதுக்குள்ள மூச்சு நின்னாலும் நின்னுடும்."

"மாஸ்க் போட்டுக்கிட்டா?" என்று கேட்டார் இவர்.

"போட்டுக்கிட்டாலும்தான். அடிக்கிற இடத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது."

இவர் தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். நீ சொல்வதைச் சொல்லிக்கொள், நான் செய்வதைச் செய்துகொள்கிறேன் என்று அதற்கு அர்த்தம்.

இவர் கார் பெயின்டர். பெரிய ஒர்க்‌ஷாப்பில் தலைமுடி கறுப்பாய் இருந்த காலம் முதல் நரைக்கும்வரை அடித்தார். ஊரில் பாதிப் பேருடைய கார் இவர் கையால் மினுங்கியிருக்கிறது. மாஸ்க் போடச் சொன்னால், "வாயை மூடிக்கிட்டா வண்ணம் தெரியாது" என்பார். ஈரக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொள்வதுதான் இவருக்குத் தெரிந்த பாதுகாப்பு. வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு என்ன நிறம் அடித்தார் என்று நான் சொல்லிவிடுவேன். அதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம். இப்போது யோசித்தால், அது சிரிக்கிற விஷயமா?

எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு ஷெட். அதில் இவருடைய சொந்தக் கார் நிற்கிறது. எங்கள் இரண்டு பேரையும்விட மூத்தது. நீண்ட மூக்கும் உருண்டை விளக்குமாக, யாரோ திட்டியதுபோல் முழித்துக்கொண்டிருக்கும். ஒர்க்‌ஷாப் பின்னால் கேட்பாரற்று மக்கிக் கிடந்ததை இழுத்து வந்து, துரு எடுத்து, தகரம் தட்டி, தேய்த்துத் தேய்த்து, சாம்பல் நிற ப்ரைமர்வரை கொண்டுவந்துவிட்டார். மேல் வண்ணம்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து நுரையீரல் கையை விரித்துவிட்டது.

வேறு ஆள் வைத்து அடிக்கலாமே என்பீர்கள். நானும் சொன்னேன். ஒர்க்‌ஷாப்பில் இவருக்குக் கீழே இருந்த தம்பி ஒருவர் பானட்டை மட்டும் கழற்றிக்கொண்டு போய் அடித்துக் கொடுத்தார். எனக்கு அது கண்ணாடிபோல் இருந்தது. இவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "ஆரஞ்சுத் தோல்" என்றார்; வழவழப்பில்லாமல் புள்ளி புள்ளியாக இருக்கிறதாம். மறுநாள் காலையில் நான் எழுந்து பார்த்தபோது உப்புத்தாளை வைத்துப் பானட்டை மொத்தமாகத் தேய்த்து எடுத்திருந்தார். அந்த வாரம் முழுக்க இருமினார். ஹார்ட்னர் இல்லாத பெயின்ட் அடிக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிறது அது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிடித்த முயலுக்கு மூன்று கால்.

பிறகு ஒரு நாள் நான் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். வீட்டில் ஆள் இல்லை. ஷெட் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன், பதில் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தரையில் உட்கார்ந்து காரில் சாய்ந்திருக்கிறார். பக்கத்தில் கலக்கிய பெயின்ட் ஒரு சின்னக் கப்பில் இருக்கிறது. உதடு நீலமாக இருந்தது. அது பெயின்ட் என்று நினைத்தேன். பெயின்ட் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். "என்னதான் நினைச்சுக்கிட்டிருந்தீங்க?"

"சும்மா கலர் சரியான்னு ஒரு மூலையில பார்க்கலாம்னு."

"செத்துப் போயிருப்பீங்க."

"ம்."

அந்த "ம்"-இல் பயம் துளிகூட இல்லை. நான் பயந்துபோனது அதைக் கேட்டுத்தான். இந்த மனிதர் மறுபடியும் செய்வார். நான் எத்தனை நாள் வேலைக்குப் போகாமல் காவல் இருப்பது? அவசரத்தில் வாயைக் கொடுத்தேன்.

"நான் அடிக்கிறேன்."

இவர் சிரித்தார், சிரித்து இருமினார், இருமி முடித்து என் கையைப் பார்த்தார். நான் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நிற்கிற காலும், கோணாமல் போகிற கையும் எனக்கு உண்டு. என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், மாடு வாங்குகிறவர் பல்லைப் பார்ப்பதுபோல்.

"நான் வெளியே ஜன்னல்கிட்ட நிப்பேன். போன்ல சொல்றபடி செய்யணும்."

"உள்ளே கால் வைக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும்.

சாமான் வாங்கக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் வீட்டில் சுவர் அடிக்கப் போகிறவர்கள் என்று நினைத்து, ப்ளக்கில் செருகினால் ஓடுகிற கை ஸ்பிரேயர் ஒன்றை எடுத்து வைத்தார்.

"செடிக்குத் தண்ணி தெளிக்கவா?" என்றார் இவர்.

"கொஞ்சம் மேல போகணும்னா இது இருக்கு அண்ணே." ஒரு பெட்டி, அதிலிருந்து தும்பிக்கை மாதிரி தடித்த குழாய். "கம்ப்ரஸரே வேணாம். இதுவே காத்து ஊதும். வீட்ல கார் அடிக்கிறவங்க இதைத்தான் எடுக்கறாங்க."

இவர் முனையைக் கழற்றிப் பார்த்தார், காற்றில் கை நீட்டிப் பார்த்தார், பாதி மனசு வந்ததுபோல் இருந்தது. பிறகு தலையை ஆட்டிவிட்டார். "துளி பெரிசா விழும். கருநீலம் அது. கருநீலத்துல எல்லாம் தெரியும்."

ஆக, கம்ப்ரஸரும் ஸ்பிரே கன்னும் என்று முடிவானது. அதிலும் ஒரு சண்டை. இவருக்குப் பழகினது அழுத்தம் அதிகமான பழைய மாதிரி கன். கடைக்காரர் அழுத்தம் குறைந்ததைக் காட்டினார். "இதுல பெயின்ட் கார் மேலேயே உட்காரும் அக்கா. பாதி புகையாப் பறக்காது. ஆனா காத்தை நிறையக் குடிக்கும். அதுக்கேத்த கம்ப்ரஸரா எடுக்கணும்."

புகை குறைவு என்ற வார்த்தை போதும் எனக்கு. "இதுதான்" என்றேன். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

பிறகு இவர் கம்ப்ரஸருக்குக் கணக்குப் போட ஆரம்பித்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. இந்தக் கன் எவ்வளவு காற்றுக் குடிக்கும், குழாயின் நீளத்தில் எவ்வளவு குறையும், காற்றில் உள்ள ஈரத்தைப் பிடிக்கிற வடிகட்டியில் எவ்வளவு போகும், கதவு ஒன்றை முழுசாக அடித்து முடிக்கிறவரை டாங்க் தாக்குப்பிடிக்குமா என்று விரல் விட்டு எண்ணினார். வரிசையில் கடைசியாக நின்ற கம்ப்ரஸரைத் தொட்டு, "இது சரியா இருக்கும்" என்றார். கடைக்காரரும் ஆமோதித்தார்.

"மாஸ்க்குக்குத் தனியா ஊதுபெட்டி தரவா அண்ணே? வெளியே நல்ல காத்துல வச்சுட்டா, அதுலயிருந்து குழாய் வழியா முகத்துக்கு வரும்."

"எதுக்கு தண்டமா இன்னொண்ணு? கம்ப்ரஸர்லயே வடிகட்டி வச்சு ஒரு கிளை போட்டா அதே காத்துதானே?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும்? பெயின்டர் சொல்கிறார், பெயின்டர் பெண்டாட்டி கேட்டுக்கொண்டேன். தலையை முழுக்க மூடுகிற ஹுட் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஷெட்டில் ஒத்திகை. பெயின்ட் கிடையாது, வெறும் தண்ணீர். பழைய ஃப்ரிட்ஜ் கதவு ஒன்றை நிறுத்தி வைத்தார். எனக்கு மேலிருந்து கீழ்வரை உடை மாட்டி, ஹுட்டைக் கவிழ்த்து, காதில் போனை இணைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு ஜன்னலுக்குப் போனார். கம்ப்ரஸரிலிருந்து வந்த குழாய் ஒரு இடத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று கன்னுக்கும் ஒன்று என் முகத்துக்கும் வந்தது. ஹுட்டுக்குள் குளுகுளுவென்று காற்று. பரவாயில்லையே என்று நினைத்தேன்.

"விசையை அழுத்து. ஒரே சீரா போ. இஸ்திரி மாதிரிதான், ஆனா மேலே படாம."

அழுத்தினேன். கன் சீறியது. தண்ணீர் விசிறி மாதிரி விரிந்து விழுந்தது. அதே நொடியில் முகத்துக்கு வந்த காற்று செத்துவிட்டது.

முதலில் புரியவில்லை. இழுத்தேன், ஒன்றும் வரவில்லை. மறுபடி இழுத்தேன், பிளாஸ்டிக் வந்து வாயில் ஒட்டியது. விசையை விட வேண்டும் என்பது தோன்றவில்லை. பயத்தில் விரல் இன்னும் இறுகிக்கொண்டது. காதில் இவர் குரல், ஜன்னலுக்கு வெளியே இவர் முகம்.

"விசிறி குறுகுது பாரு. அழுத்தம் இறங்குது. காத்து போதல... கன்னுக்குக் காத்து போதல."

ஹுட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு முழங்காலில் விழுந்தேன். கன் தரையில் விழுந்து உருண்டது. இவர் கதவைத் திறந்து ஓடி வந்தார். ஓடி வந்து, கன்னை எடுத்தார். முனையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "கீழே போட்டுட்டியே. ஊசி வளைஞ்சிருக்கும்."

நான் தரையில் கையூன்றி, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"கன்னுக்கா... காத்து போதல?" என்றேன்.

இவர் முகம் வெளுத்தது. கம்ப்ரஸரைப் பார்த்தார், பிரிகிற இடத்தைப் பார்த்தார், விரல்களை மடக்கி மறுபடி எண்ணினார். கன், குழாய், வடிகட்டி. அங்கேயே நின்றுவிட்டார்.

"எல்லாத்தையும் கூட்டினேன்" என்றார் மெதுவாக. "ஆளைக் கூட்டல."

ஆயுசு முழுக்க இந்த மனிதர் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறார். காற்று என்றால் அது கன்னுக்கு. பின்னால் நின்று பிடித்திருக்கிற பிறவிக்கும் மூச்சு என்று ஒன்று உண்டு என்பது அந்தக் கணக்கில் வந்ததே இல்லை, தன் மூச்சு உட்பட. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கம்ப்ரஸரை எட்டி உதைத்தேன். கால் விரல்தான் வீங்கியது. ஆனால் அன்று ராத்திரி படுத்தபோது ஒன்று உறைத்தது: கொஞ்ச நேரம் எனக்கு நேர்ந்த அதுதான் இவருக்கு மாடிப்படி ஏறினாலே நேர்கிறது.

நான் மட்டும் கடைக்குப் போய் அந்தத் தனி ஊதுபெட்டியை வாங்கி வந்தேன். கடைக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டே, "ஹுட்டைப் போட்டதும் முதல்ல இதை ஆன் பண்ணுங்க அக்கா. கடைசியா ஆஃப் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார்.

தண்ணீர் வைத்துப் பழகினேன். பிறகு ப்ரைமர் வைத்து ஃப்ரிட்ஜ் கதவில் பழகினேன். இவர் ஜன்னலிலிருந்து திட்டிக்கொண்டே இருந்தார். என்னிடம் ஒரு குறை இருந்தது. இஸ்திரியில் காலர் முனைக்கு வந்தால் கை ஒரு கணம் நிற்கும். அங்கே சூடு இறங்க வேண்டும். ஸ்பிரேயில் அப்படி நின்றால் வண்ணம் வழிந்துவிடும். ஓரத்தைத் தாண்டிப் போய் விசையை விட வேண்டும். "உன் கை ஓரத்துல தூங்குது" என்று இவர் கத்துவார். பழக்கம் லேசில் போகிறதா?

ஒரு காலையில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. இவர் வானத்தைப் பார்த்து, "இன்னைக்கு" என்றார்.

ஊதுபெட்டியை வாசல் பக்கம் வைத்து, அதன் குழாயைப் பக்கச் சுவர் ஓட்டை வழியாக உள்ளே விட்டோம். பின்சுவர் மின்விசிறி புகையைக் காலி மனைப் பக்கம் தள்ளும். ஷெட் கதவின் இடுக்கையெல்லாம் வெளியிலிருந்து டேப் போட்டு ஒட்டினார். நான் உள்ளே, இவர் ஜன்னலில். காதில் இவர் குரல். பெயின்டையும் ஹார்ட்னரையும் கப்பில் இருந்த கோடு பார்த்து நானே கலக்கினேன்.

கூரை, பானட், பின்பக்கம். முதல் பூச்சில் சாம்பல் அங்கங்கே எட்டிப் பார்த்தது. இரண்டாவது பூச்சில் கருநீலம் உட்கார்ந்தது. ஈரமாக, ஆழமாக, தொட்டால் கை உள்ளே போய்விடும்போல் ஒரு நீலம். காதில் சத்தமே இல்லை. பயந்து ஜன்னலைப் பார்த்தேன். இவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ம்" என்றார். எனக்குக் குழந்தை பிறந்தபோதும் இவ்வளவுதான் சொன்னார்.

கடைசிப் பூச்சில், டிரைவர் பக்கக் கதவு. கை ஓரத்துக்குப் போனது. தூங்கியது.

நான் பார்ப்பதற்கு முன்னால் இவர் பார்த்துவிட்டார். "நிறுத்து. தொடாதே." கதவின் விளிம்பில் ஒரு தடித்த சொட்டு உருண்டு, மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. "தொடாதேன்னு சொன்னேன்ல" என்பதற்குள் நான் விரலால் தொட்டுவிட்டேன். சொட்டு கீறலானது. கீறலைச் சரிசெய்ய மேலே ஒரு தடவை அடித்தேன். கதவில் பாதி திரை மாதிரி சரிந்தது.

"கன்னைக் கீழே வை. நான் வர்றேன். ஒரு நிமிஷ வேலை."

"வராதீங்க."

"ஈரம் காயறதுக்குள்ள எடுத்துடலாம். துண்டை நனைச்சுக் கட்டிக்கிறேன்."

"ஏங்க, சொன்னாக் கேளுங்க. மாட்டேன்னு சொன்னீங்க."

ஜன்னலில் ஆள் இல்லை. காதில் இவர் நடக்கிற சத்தமும், விசில் அடிக்கிற மூச்சும், குழாயில் தண்ணீர் விழுகிற சத்தமும் மட்டும் கேட்டன. பிறகு ஷெட் கதவில் டேப்பைக் கிழிக்கிற சத்தம்.

கதவை நோக்கி ஓடினேன். முகத்துக்கு வரும் குழாய் பாதியிலேயே பிடித்து இழுத்தது. அது காரைச் சுற்றி வருகிற அளவுக்குத்தான் நீளம். ஹுட்டைக் கழற்றிவிட்டு ஓடினாலும், உடம்பெல்லாம் அந்த விஷத்தைப் பூசிக்கொண்டு போய்த்தானே இவரைத் தடுக்க வேண்டும்? அழுதால், கெஞ்சினால் நிற்கிற ஆளா? எனக்காக வருகிறார் என்றாலாவது ஆறுதல் இருந்திருக்கும். அந்தக் கார்க் கதவுக்காக வருகிறார். காப்பாற்ற ஏதாவது மிச்சம் இருக்கிறவரை இந்த மனிதர் வருவார்.

திரும்பி வந்தேன். கன்னைப் பானட்டுக்கு நேரே, ஒரு சாண் தூரம்கூட இல்லாமல் பிடித்து, விசையை முழுக்க அழுத்தி அப்படியே நின்றேன்.

நீலம் குட்டையாகத் தேங்கியது. தேங்கி, உடைந்து, அந்த நீண்ட மூக்கு வழியாக வழிந்து, விளக்கில் சுற்றியிருந்த காகிதத்தில் இறங்கியது. ஷெட் கதவு ஒரு கை அகலம் திறந்தது. ஈரத்துண்டுக்கு மேலே இரண்டு கண்கள் தெரிந்தன. நான் விசையை விடவில்லை. கூரைக்குப் போனேன். பின்பக்கம் போனேன். எது எது நன்றாக வந்திருந்ததோ அதையெல்லாம் தேடித் தேடி அழித்தேன்.

"இனி ஒண்ணும் இல்ல" என்று ஹுட்டுக்குள்ளிருந்து கத்தினேன். "பார்த்தாச்சுல்ல. போங்க."

கதவு சாத்திக்கொண்டது.

கன்னைப் போட்டேன், மின்விசிறியை அப்படியே ஓடவிட்டேன், மூச்சைப் பிடித்து ஹுட்டைக் கழற்றி, வெளியே வந்து கதவைச் சாத்தினேன். இவர் குழாயடியில், வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. ஒரு மூச்சு உள்ளே போயிருக்கிறது. பையில் இன்ஹேலரைத் தேடுகிறார், அது நழுவிக் கீழே விழுகிறது. நான் பக்கத்தில் போக முடியாது. என் மேலெல்லாம் பெயின்ட். அங்கேயே நின்று ஜிப்பைப் பிய்த்து, உடையை உரித்துப் போட்டு, கையுறையைக் கழற்றி, ஷெட் ஓரத்தில் இருந்த இன்னொரு குழாயில் கையையும் முகத்தையும் தேய்த்துக் கழுவி முடிப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. எதிரே இவர் மூச்சுக்கு அலைகிறார், நான் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஓடிப் போய் இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அழுத்தினேன். மறுபடியும் அழுத்தினேன். நெஞ்சுக்குள் விசில் சத்தம் இறங்க நேரமானது. ஆஸ்பத்திரி வண்டிக்குப் போன் செய்துவிட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். உதட்டில் நீலம் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டி?" என்றார், பேச முடிந்ததும்.

"நீங்க உள்ளே வந்திருப்பீங்க."

"வந்திருப்பேன்" என்றார். கொஞ்சமும் வெட்கமில்லை.

பிறகு அழ ஆரம்பித்தார். இவர் அழுது நான் பார்த்ததில்லை. அழுவதற்கும் காற்று வேண்டியிருக்கிறது, அது இவரிடம் இல்லை. ஒவ்வொரு விம்மலும் பாதியில் அறுந்து இருமலானது. எனக்கு அழுகை வரவில்லை. இன்ஹேலரை மறுபடி வாயருகே கொண்டுபோனேன்.

"அழறதை அப்புறம் அழுங்க" என்றேன். "முதல்ல மூச்சு விடுங்க."